ஷட்டர் திறக்குமுன் யாருக்குச் சொல்வது?

ஒருவர் பேசுவதை இன்னொருவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையில் இருக்கிற ஒரே வசதி, இரண்டு பக்கமும் திட்டுவார்கள் என்பதால் நீ யார் பக்கம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதைச் சம்பளத்துக்குத்தான் செய்ய வேண்டும் என்றில்லை. மாமியார் சொன்னதைப் புருஷனிடமும், புருஷன் முணுமுணுத்ததை மாமியாரிடமும் காரம் குறைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பழகிய எல்லாரும் என் இனம்தான். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் தச்சநல்லூரில் குடியிருக்கிறேன். குடும்பத் தலைவி. அப்பாவுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை என்பதால் கான்வென்டில் போட்டார்; அந்த ஆங்கிலம் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தோடு முடிந்துபோயிற்று என்று நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் சங்கரலிங்கம் சார் இருக்கிறார். பாசன இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே ஆற்றைப் பங்கு போட்டுக்கொள்ளும் நாடுகளிலிருந்து அதிகாரிகளை வரவழைத்து, தாமிரபரணிப் பாசனத்தைச் சுற்றிக் காட்டி ஒரு வாரம் பயிற்சி நடத்தும் குழுவில் அவரும் ஒருவர். விவசாயிகள் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்லும் ஆளுக்கு மஞ்சள்காமாலை வந்துவிட்டது. சார் நேரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"மெர்சிம்மா, ஒரு வாரம் வாங்க. வீட்ல பேசுத மாதிரியே அங்கன வந்து பேசுங்க, போதும்."

உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது: "வீட்ல பேசுத மாதிரி பேசினா ரெண்டு நாட்டுக்கும் சண்ட வந்துரும் சார், பாத்துக்கிடுங்க."

உரிய மட்டம்

வந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள். இரண்டுமே நம் நாடு இல்லை, பெயரும் வேண்டாம். ஆறு பிறந்து அணைக்குள் நிற்கும் நாட்டை மேலாறு என்றும், அது ஓடி வந்து சேரும் நாட்டைக் கீழாறு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மேலாற்றிலிருந்து தலைநகரத்துப் பெரிய அதிகாரி ஒருவர், அணையிலேயே வேலை பார்க்கும் இன்ஜினியர் ஒருவர், ஊர் பார்க்கக் கூட வந்த இன்ஜினியரின் மனைவி. கீழாற்றிலிருந்து ஒரே ஒரு பெண் இன்ஜினியர். ஆற்றங்கரை மாவட்டம் ஒன்றில் வெள்ளப் பொறுப்பு அவருடையது. இவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு ஹாலில் முதல் நாள். பெரிய அதிகாரி அணை, ஆறு, அம்புக்குறி என்று படம் போட்டுக் காட்டி முடித்ததும் கீழாற்று அம்மா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஷட்டர் திறக்குமுன் யாருக்குச் சொல்வீர்கள்?" ஏன் கேட்கிறார் என்பதையும் அவரே சொன்னார். மேலாற்று அணையில் ஷட்டர் திறந்தால் அந்தச் சேதி முதலில் அவர்கள் தலைநகரத்துக்குப் போகும். அங்கிருந்து வெளியுறவு அலுவலகம், அங்கிருந்து கீழாற்றுத் தலைநகரம், அங்கிருந்து மாவட்டம். தண்ணீர் ஒன்றரை நாளில் வந்துவிடும். கடிதம் ஒன்பது நாள் எடுக்கும். போன மழைக்காலத்தில், வானம் வெளுத்துத்தானே கிடக்கிறது என்று ஆற்றங்கரை பம்பைப் பார்த்துவர ஆபரேட்டரை அனுப்பியது இந்த அம்மாதான். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்தது. ஆபரேட்டரைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. "எனக்கு ஒப்பந்தம் எல்லாம் வேண்டாம். ஒரு போன் நம்பர் வேண்டும். அதை எடுத்துப் பேச ஒரு ஆள் வேண்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அணை இன்ஜினியர் தன் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

பெரிய அதிகாரி கால் மணி நேரம் பதில் சொன்னார். இறையாண்மை வந்தது, பரஸ்பர நம்பிக்கை வந்தது, தரவுப் பாதுகாப்பு வந்தது. கடைசியில், உரிய தகவல் உரிய நேரத்தில் உரிய மட்டத்தில் பகிரப்படும் என்று முடித்தார். டீ கொண்டுவந்த அண்ணாச்சி தட்டோடு என் பக்கத்தில் நின்று, என்ன சொல்லுதாரு என்று கேட்டார். "தரமாட்டாராம்" என்றேன். அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதச் சொல்லவா எம்மா இம்புட்டு நேரம் எடுத்தாரு?"

எந்தச் சட்டப் பிரிவு

மறுநாள் மணிமுத்தாறு அணை. ஷட்டரை ஏற்றி இறக்கும் ஊழியரை இங்கே லஸ்கர் என்பார்கள். அவரைத்தான் முதலில் பேச வைத்தார் சங்கரலிங்கம் சார். அவர் காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, அதிகாரிகள் வருகிறார்கள் என்று தலைக்கு எண்ணெய் வேறு வைத்திருந்தார். மேலிருந்து உத்தரவு வரும், நோட்டில் எழுதுவோம், சங்கு ஊதுவோம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "அதுக்கு முன்னால ஆத்தோரம் உள்ள ஊருக்கெல்லாம் நானே ஒரு போன் போட்டிருவேன்" என்றார்.

பெரிய அதிகாரி நிமிர்ந்தார். அந்த போன் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் போடப்படுகிறது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். லஸ்கர் என்னைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். ஏதாவது சிக்கலில் மாட்டிவிடப் பார்க்கிறார்களோ என்று யோசித்தார். நான் பொறுமையில்லாமல், "சட்டம் இருக்கோ இல்லையோ, நீங்க ஏன் போடுதீய, அதச் சொல்லுங்க" என்றேன்.

"கீழ ஆத்துக்குள்ளதான எம்மா எம் மச்சான் மாடு மேய்க்கான்!"

இதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். கீழாற்று அம்மா முதன்முறையாகச் சிரித்தார். பெரிய அதிகாரி குறிப்பேட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன்; 'முறைசாரா உள்ளூர் ஏற்பாடு' என்று எழுதியிருந்தது. திரும்பி வரும்போது அணை இன்ஜினியர், தன் அதிகாரி முன்னால் நடந்து போகும்வரை காத்திருந்து, லஸ்கரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். லஸ்கருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"இவருக்கும் கீழ மச்சான் இருக்கானோ?"

சாவி இருக்கும் ஊர்

மூன்றாம் நாள் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கால்வாய். தண்ணீர் முதலில் வருவது தலைமடை ஊர், கடைசியில் வருவது கடைமடை ஊர். கோடையில் தண்ணீர் குறைந்துவிட்டால் முறை வைப்பார்கள்: நாலு நாள் மேலே, மூன்று நாள் கீழே. கீழ் ஊரின் மூன்று நாளும் மேல் ஊர் ஷட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அந்தப் பூட்டின் சாவி மேல் ஊரில் இருக்காது. பைக்கில் கீழ் ஊருக்குப் போய்விடும். அதை வைத்திருப்பது பேச்சியம்மாள் என்ற விவசாயி. முந்தியில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் காட்டினார்.

பெரிய அதிகாரிக்கு இது தாங்கவில்லை. தன் நிலத்தில் உள்ள ஷட்டரின் மேல் தனக்கிருக்கும் அதிகாரத்தை ஒரு ஊர் எப்படி விட்டுக்கொடுக்கும் என்று கேட்டார். மேல் ஊர்க்காரரான சுடலைமுத்து அண்ணாச்சியிடம் அதைச் சொன்னேன். அண்ணாச்சி வாயைத் திறக்குமுன் பேச்சியம்மாள் முந்திக்கொண்டார்.

"போன வருசம் ஓஸ் பைப்பு போட்டுத் தண்ணியக் களவாண்டது யாரு அண்ணாச்சி? நானா?"

"ஒரு நாளு செஞ்சத எத்தன வருசந்தான் சொல்லுவ தாயி? வெளிநாட்டுக்காரங்க வந்திருக்காங்க, மானத்த வாங்காத."

நான் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். களவாண்டது என்பதைத் திருடியது என்றே சொன்னேன். வேறெப்படிச் சொல்வது? அடுத்து அண்ணாச்சி அதிகாரியின் பக்கம் திரும்பி, கேட்ட கேள்விக்கு நிதானமாகப் பதில் சொன்னார்.

"அதிகாரம்லாம் எங்ககிட்டதான் சார் இருக்கு. சாவி மட்டுந்தான் அங்கன. எங்ககிட்ட கெடந்தா கை சும்மா இருக்காதுல்லா!"

மெல்லிய வார்த்தை

அன்றைக்கு மதியச் சாப்பாட்டில் என் பேரில் புகார். மேலாறு தண்ணீரைத் திருடுகிறது என்று கீழாற்றுப் பத்திரிகைகள் எழுதுவது வழக்கமாம். ஆகையால் நான் வேண்டுமென்றே, பேச்சியம்மாள் வாயை வைத்துப் பெரிய அதிகாரியைக் குத்தினேனாம். பேச்சியம்மாளுக்கு அப்படி ஒரு நாடு இருப்பதே தெரியாது. சங்கரலிங்கம் சார் வேர்க்க விறுவிறுக்க என்னைத் தனியே கூப்பிட்டார். திருட்டு என்று வரும் இடத்திலெல்லாம் இனிமேல் 'அட்டவணைக்கு அப்பாற்பட்ட நீர் எடுப்பு' என்று சொல்லுங்கள் என்றார்.

"சார், கான்வென்டுல சிஸ்டர் பத்துக் கட்டளை சொல்லிக்குடுத்தப்போ, 'களவு செய்யாதே'ங்குற ஏழாவதுக்கு அப்படி ஒரு வாசகம் சொன்னதா ஞாபகம் இல்ல" என்றேன். சார் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"மெர்சிம்மா, நீங்க மொழிபெயர்க்க வந்தீங்களா, பாவமன்னிப்பு குடுக்க வந்தீங்களா?"

முயலும் என்று ஒரு வார்த்தை

ஐந்தாம் நாள் கூட்டறிக்கை. இரண்டு நாட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டைப் அடிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. கீழாற்று அம்மா கொடுத்த வரி ஒன்றே: ஷட்டர் திறக்குமுன் மேலாற்று அணை நேரடியாகக் கீழாற்று மாவட்டத்துக்கு போனில் தெரிவிக்கும்.

பெரிய அதிகாரி முதலில் 'நேரடியாக'வை எடுத்தார். அப்புறம் 'போனில்' போயிற்று. 'தெரிவிக்கும்' என்பது 'தெரிவிக்க முயலும்' ஆயிற்று. டீ வந்தது. டீக்குப் பிறகு 'தெரிவிக்க முயல்வதற்கான வாய்ப்புகளைப் பரிசீலிக்கும்' என்று ஆயிற்று. எங்கள் சிஸ்டர் இந்த வாக்கியத்தைப் பார்த்திருந்தால் சிவப்பு மையை முழுசும் அதிலேயே தீர்த்திருப்பார். அணை இன்ஜினியரை ஒரு வார்த்தை கேளுங்களேன் என்று கீழாற்று அம்மா சொன்னார். அவர் வாயைத் திறந்தார். தன் அதிகாரியைப் பார்த்தார். "அது என் மட்டத்துக்கு மேற்பட்டது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அணையில் ஷட்டரைத் திறப்பதே அவர்தான்.

கையெழுத்து ஆனது. போட்டோ எடுத்தார்கள். எல்லாரும் எழுந்து போன பிறகு கீழாற்று அம்மா அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பரிசீலிக்கும் என்பதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். "எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்பார்கள்" என்றேன். "சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சொல்வது அதைத்தான்." அவர் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"குழாய் எத்தனை வருஷமாக ஒழுகுகிறது?"

மொட்டை மாடியில்

ஆறாம் நாள் சாயங்காலம் ரயில். மதியம் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று கூப்பிட்டிருந்தேன். பெரிய அதிகாரிக்கு வயிறு சரியில்லை என்று லாட்ஜிலேயே இருந்துவிட்டார். எங்களுக்கும் அதில் வருத்தமில்லை. சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்திருந்தேன். சாப்பிட்டு எழுந்த நேரத்தில் சடசடவென்று தூறல். என் வீட்டுக்காரரும் அணை இன்ஜினியரும் டிவி முன்னால் அசையவில்லை. நான் மாடிக்கு ஓடினேன். பின்னாலேயே இன்ஜினியரின் மனைவியும் கீழாற்று அம்மாவும் வந்து கொடியிலிருந்து துணிகளை உருவ ஆரம்பித்தார்கள். இன்ஜினியரின் மனைவி எங்களைப் போலத்தான், வீட்டைப் பார்த்துக்கொள்பவர். வகுப்புக்கு வந்ததில்லை. ஆங்கிலம் திக்கித் திக்கிப் பேசுவார்.

என் வீட்டுக்காரரின் வேட்டியை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "எங்கள் வீட்டில் இந்த ஓட்டமே இல்லை. ஷட்டரைத் திறந்தால் குவார்ட்டர்ஸ் வரைக்கும் சாரல் அடிக்கும், துணியெல்லாம் நனைந்துவிடும். அதனால் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே இவர் எனக்குப் போன் பண்ணி, துணியை எடு என்று சொல்லிவிடுவார். ஒரு நாளும் மறந்ததில்லை."

கீழாற்று அம்மா கையில் துணிக் குவியலோடு அப்படியே நின்றார். தூறல் வலுத்தது. துணி திரும்ப நனைகிறதே என்று எனக்குப் பதற்றம். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை, அது எனக்கே அதிசயம். கடைசியில் அவர் கேட்டார். "துணிக்குச் சொல்கிறாரா?"

இன்ஜினியரின் மனைவிக்கு முதலில் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பம்ப் ஆபரேட்டரை, தேடிய இரண்டு நாளை, ஒன்பது நாள் கடிதத்தை, நேற்றுப் போட்ட கையெழுத்தை. மெல்லிய வார்த்தை எதுவும் போடவில்லை. அவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே இடுப்பிலிருந்து போனை எடுத்து, கீழாற்று அம்மாவிடம் நீட்டி, "உங்கள் நம்பரை இதில் போடுங்கள்" என்றார். அவர் போட்டுக் கொடுத்தார். ஏதாவது புரியாவிட்டால் மொழிபெயர்க்க நானும் இருக்கட்டும் என்று மூன்று பேருக்குமாக ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஆரம்பமாயிற்று.

ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்ல இன்ஜினியர் மாடி ஏறி வந்தார். மூன்று போன்களையும் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். விஷயம் அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, முகம் வெளிறியது. இது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று மனைவியிடம் அவர்கள் மொழியில் சொன்னார். அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. மனைவி எழுந்து, அவரைத் தாண்டி ஒரு படி இறங்கி நின்றுகொண்டு, எங்களுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். இன்ஜினியர் என் கையிலிருந்த துணியில் பாதியை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். அந்த அம்மாள் சொன்னது இவ்வளவுதான்.

"நான் துணி எடுப்பதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று எந்த அரசாங்கம் எனக்கு உத்தரவு போடும்?"

கரையில் வெயில்

பிறகு நான் இதை மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். அவர்கள் பக்கத்து மழைக்காலம் தொடங்கியதிலிருந்து, குழம்பு கொதிக்கும்போதும் ஒரு கண் போனில்தான் இருந்தது. என் வீட்டுக்காரர், உனக்கு எந்த நாட்டு ஆத்துல வெள்ளம் வந்தா என்ன என்று கேட்டார். அவரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ரகசியம் காப்பது கான்வென்டில் படித்தவர்களுக்குப் பெரிய காரியமில்லை. பொறுமையாக இருப்பதுதான் கஷ்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே கால் மணி. மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு போனைத் தட்டினால் இரண்டே வார்த்தை: துணி எடுக்கிறேன். கீழாற்று அம்மாவிடமிருந்து பதில் இல்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது நிமிஷம். பார்க்கவில்லையோ, போன் சார்ஜ் இல்லையோ, இடமாற்றம் ஆகிவிட்டாரோ என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பொறுக்கமாட்டாமல் நானே போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கடைசியில் எடுத்துவிட்டு, யார் என்றுகூடக் கேட்காமல், "ஜீப்பில் மைக்கில் பேசிக்கொண்டிருக்கிறேன், அப்புறம்" என்று வைத்துவிட்டார். மைக்கின் கரகரப்பும், பின்னால் யாரோ சண்டை போடும் சத்தமும் எனக்கும் கேட்டது. அந்த மீனை அப்புறம் எப்படிப் பொரித்தேன் என்று தெரியாது.

மறுநாள் நள்ளிரவு வாக்கில் தண்ணீர் அங்கே வந்து சேர்ந்தது. கரையோரம் குடிசைகளுக்குள் ஆள் உயரம் நின்றதாம். உள்ளே ஆள் யாரும் இல்லை. பள்ளிக்கூட மாடியில் எல்லாரும் இருந்தார்கள், ஆடு மாடு உட்பட. மேலாற்றின் கடிதம் உரிய மட்டங்களையெல்லாம் தாண்டி அதற்கும் ஒரு வாரம் கழித்து வந்து, கோப்பில் சேர்க்கப்பட்டதாம். அதையெல்லாம் பிற்பாடுதான் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை மதியம் குழுவில் அவர் எழுதியது வேறு. அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

"இங்கே சுள்ளென்று வெயில் அடிக்கிறது, எதற்கு எங்களைக் கிளப்புகிறாய் என்று கரை முழுவதும் நின்று என்னைத் திட்டுகிறார்கள், திட்டட்டும், எல்லாரும் உயிரோடு திட்டுகிறார்கள்."

அந்த இன்ஜினியருக்கு இடமாற்ற உத்தரவு வருகிறவரைக்கும் அவருடைய குவார்ட்டர்ஸில் துணி தவறாமல் காயட்டும் என்பதுதான், இரண்டு நாடுகளின் நீர்ப் பங்கீட்டைப் பற்றி இப்போதைக்கு நான் சொல்லக்கூடியது.